புறப்படத் தெரியாதவர்கள்

1

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் திங்கட்கிழமை முழுக்கப் புத்தகங்களை மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறேன். சமையல் புத்தகங்களுக்கு நடுவில் பல் வைத்திய நூல் ஒன்றைச் சொருகிவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். இவர் அதையும் சாப்பிட்டுவிட்டு, கீர்த்தனை பாடிக்கொண்டே வாசலில் பனி அள்ளப் போனார். இவர் பாடினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். அன்றைக்கும் குரைத்தது, இவரும் நிறுத்தவில்லை.

எல்லாம் ஜோயலால் வந்தது. ஜோயல் எங்கள் மகன், பதினான்கு வயது. இந்த ஒஹாயோ மாநிலத்தில், எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் சிகிச்சை இல்லத்தில் தங்கியிருக்கிறான். ஆட்டிசமும் வேறு வளர்ச்சிக் குறைகளும் உள்ள பிள்ளைகள் அங்கேயே தங்கி, கோபத்தையும் பயத்தையும் கையாளப் பழகும் இடம் அது. அதன் நீளமான பெயர் எங்கள் வாயில் நுழையாததால் வீட்டில் 'பண்ணை' என்றுதான் சொல்வோம். அவனை அங்கே சேர்த்து போன ஞாயிற்றோடு ஒரு வருசம் ஆயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை பண்ணை வாசலில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் இருக்கும் என் தம்பி ஜெயசிங்குக்குப் போன் போட்டேன். பாதிக் கதையிலேயே அவன், "அக்கா, உனக்கு மீட்டர் ஓடுது. எழுதி அனுப்பு, நான் எல்லாத்துக்கும் வாசிச்சுக் காட்டுதேன்" என்று வைத்துவிட்டான். ஆகையால் ஊராரே, காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2

உங்களில் யார் போனில் பேசினாலும் "மகன் எங்க படிக்கான்?" என்று கேட்பீர்கள். "ஹாஸ்டல்ல இருக்கான்" என்பேன். அதோடு கேள்வி தீர்ந்துவிடும். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு ஹாஸ்டலைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரில் பாதி பள்ளிக்கூடம், மீதி ஹாஸ்டல். கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் அந்தக் காலத்திலேயே பள்ளிக்கூடம் வைத்த ஊர். ஆனால் கண்ணும் நன்றாயிருந்து காதும் நன்றாயிருந்து, கூப்பிட்டால் மட்டும் திரும்பாத பிள்ளைக்கு என்ன பெயர் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. நான்கு வயதில் அவனை ஊருக்குக் கொண்டுவந்தபோது ஆளுக்கொரு வைத்தியம் சொன்னீர்கள். வல்லாரை என்றார் ஒருவர். உபவாச ஜெபம் என்றார் இன்னொருவர். "நாலு சாத்து சாத்துங்க, தன்னால பேசுவான்" என்ற மகராசனும் உண்டு, பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஜெயசிங் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனை மொபெட்டில் முன்னால் நிறுத்திக்கொண்டு, ஆற்றுப்பாலத்தில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாகப் போய்ப் போய் வந்தான். ஜோயல் பாலம் முழுக்கச் சிரித்தான். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம் அவன் வளர வளர அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. தூங்க மாட்டான். சுவரில் தலையை முட்டுவான். கோபம் வந்தால் தன் கையையே கடிப்பான். தடுக்கப் போன அவன் அக்காள், என் மகள் ஷீபாவின் கையும் ஒருநாள் மாட்டிக்கொண்டது. நானும் இவரும் முறை வைத்து விழித்திருந்தோம். முடியவில்லை, அவ்வளவுதான். உதவி கேட்டு இங்கிருக்கும் அரசாங்க ஆபீஸ்களுக்கு நடந்தோம். நம் ஊரில் "நாளைக்கு வாங்க" என்பார்கள். இங்கே அப்படிச் சொல்லவே மாட்டார்கள். எழுந்து நின்று கைகுலுக்கி, "இன்றைய நாள் இனிதாகட்டும்" என்பார்கள். மறுநாள் போய்த்தான் ஆக வேண்டும். ஒருவழியாக இடம் கிடைத்தபோது காகிதமெங்கும் ஜோயலை 'கிளையன்ட்' என்று எழுதியிருந்தது. இவர் அதைப் படித்துவிட்டு, "ஏளா, நம்ம பிள்ளய வைத்தியத்துக்கு விடுதோமா, வக்கீல்ட்ட விடுதோமா?" என்று கேட்டார்.

போகப்போக எனக்குப் பண்ணையைப் பிடித்துவிட்டது. அங்கே ஜோயலுக்கு ஒரு பலகை உண்டு. அதில் ஒட்டவும் உரிக்கவும் வருகிற துணிப்பட்டையில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருக்கும். குளியல், சாப்பாடு, வகுப்பு, ஊஞ்சல், படுக்கை. ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவனே உரித்து டப்பாவில் போடுவான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் பையன் பாதிச் சாந்தமாகிவிடுகிறான். அவனுக்குப் பொறுப்பான சிகிச்சையாளர் லிண்டா, ஆறடி உயரத்தில் இருக்கும் பெண். சிரித்தால் அறையே அதிரும். தூக்கம் வந்தது. முட்டுவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் சரிப்படவில்லை.

3

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், தூக்குச்சட்டியில் புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போவோம். ஜோயல் சாப்பிடுவான், எங்கள் பக்கத்தில் உட்காருவான், எல்லாம் நன்றாக நடக்கும். நாங்கள் கிளம்பும் நேரத்தில்தான் வரும் வினை. வீறிட்டுக் கத்துவான், கையைக் கடிப்பான், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நான் கார் முழுக்க அழுதுகொண்டே வருவேன். அழுகைக்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன். "நம்மளப் பிரிய அவனுக்கு மனசில்ல பாத்தியளா?" என்பேன். "ரத்த பாசம் எங்க போவும்?" என்பார் இவர். ஊருக்குப் போன் போடும்போதெல்லாம் இதைச் சொல்லி, அங்கே நாலு பேரையும் அழவைத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயசிங்குக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவன் பெண் பார்த்த கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். பார்த்துப் பார்த்து, தரகருக்கே கல்யாண ஆசை விட்டுப்போன பிறகு, வள்ளியூரில் ஒரு டீச்சர் இவனைப் பார்த்துச் சரி என்றாள். தேதி குறித்த அன்றைக்கே எஸ்.டி.டி. கடையிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, மருமகன் வராம நான் கோயிலுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்."

"பொண்ணு வீட்ல என்ன நெனப்பாவ?"

"அவள்ட்டயும் சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா."

பாளையங்கோட்டையில் கோயில் என்றால் நமக்குச் சர்ச்தான். அந்த வாசலில் என் தம்பி மருமகனுக்காக நிற்பதை நினைத்ததுமே எனக்கு ஜோயலைக் கூட்டிப்போயே தீர வேண்டும் என்றாகிவிட்டது. பத்து வருசமாய் ஊர் அவனைப் பார்க்கவில்லை. 'எங்கள் பிள்ளை இவன்தான்' என்று நாலு பேர் நடுவில் அவனை உட்காரவைக்க எனக்கு ஆசை இருக்காதா? ஆனால் பண்ணையின் சம்மதமில்லாமல் நகர முடியாது. கூட்டம் போட்டுப் பேசினார்கள். லிண்டா கூசாமல் சொன்னாள்.

"ஞாயிறன்று ஒரே ஒரு வாசலில் விடைபெறுவதையே அவனால் தாங்க முடியவில்லை. நீங்கள் சொல்லும் பயணத்தில் எத்தனை வாசல்கள் இருக்கின்றன! விமான நிலையம், ரயில், சொந்தக்காரர் வீடுகள். முதலில் இந்த ஒன்று சரியாகட்டும். சரியானால் நானே கையெழுத்துப் போடுகிறேன்."

4

சரியாக்குவதற்காக எங்கள் சந்திப்பை வீடியோ எடுக்கலாமா என்று கேட்டாள். எடுங்கள் என்றோம். நான் பட்டுப்புடவையே கட்டிக்கொண்டு போனேன். அடுத்த வாரம் என்னையும் இவரையும் ஷீபாவையும் ஒரு அறையில் உட்காரவைத்து, கேசட்டை ஓடவிட்டாள்.

திரையில் இவர் இரண்டு முழங்காலையும் தட்டிக்கொண்டு, "சரி, அப்பம் கெளம்புவோம்" என்கிறார். உடனே ஜோயல் எழுந்து ஜன்னலுக்குப் போகிறான். ஜன்னலில் நின்று கையசைக்க வேண்டும், பிறகு எங்கள் கார்ப் படத்தை உரித்து டப்பாவில் போட வேண்டும், அடுத்தது ஊஞ்சல். அவனுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் போகவில்லை. நான் லிண்டாவிடம் அவனுடைய காலுறைகளைப் பற்றி விசாரிக்கிறேன். ஜோயல் திரும்பி வந்து உட்காருகிறான்.

இவர் எழுந்திருக்கிறார். ஜோயல் ஜன்னலுக்குப் போகிறான். "ஒரு ஜெபம் பண்ணிருவோம்" என்று இவர் அவனை ஜன்னலிலிருந்து கூப்பிடுகிறார். இவர் ஜெபத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? பிள்ளையில் ஆரம்பித்து, பண்ணை ஊழியர்களைத் தொட்டு, வழியில் இருக்கும் பனியை விலக்கி, கடல் தாண்டி முக்கூடலில் தன் அக்காள் வீட்டு வயலுக்கும் பாபநாசம் அணைக்கும் மழை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆமென் வரும். வந்தது. ஜோயல் ஜன்னலுக்கு ஓடுகிறான். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவைப் பிடித்தபடி, சோற்றைக் குழைய வேகவைக்கச் சொல்லி லிண்டாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசி முடித்து வெளியே போகிறோம். ஜோயல் கையசைக்கிறான். கார்ப் படத்தை உரிக்கிறான். ஊஞ்சல் பக்கம் திரும்புகிறான்.

கதவு திறக்கிறது. நான் வருகிறேன், மறந்து வைத்த தூக்குச்சட்டியை எடுக்க. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, நிதானமாகக் குடிக்கிறேன்.

லிண்டா கேசட்டை நிறுத்தினாள். "இந்த இடம்தான் எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. அந்தத் தண்ணீர் எதற்கு?"

நான் என்ன சொல்வேன்? கிளம்பின கால் திரும்பி வந்துவிட்டால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும், இல்லையென்றால் போகிற காரியம் விளங்காது. சகுனமெல்லாம் பார்க்கக்கூடாது என்று வேதபாட வகுப்பில் மூன்று தலைமுறையாய்ச் சொல்லிக்கொடுத்த குடும்பம் எங்களுடையது. தண்ணீரை மட்டும் யாரும் விட்டதில்லை. "தாகம்" என்று சொல்லி வைத்தேன்.

கேசட் மறுபடி ஓடியது. என்னைக் காணோமே என்று இவர் உள்ளே வருகிறார். வந்தவர் அவரும் உட்காருகிறார். ஜோயல் எங்களைப் பார்க்கிறான், ஜன்னலைப் பார்க்கிறான், டப்பாவுக்குள் கிடக்கும் கார்ப் படத்தைப் பார்க்கிறான். பிறகுதான் கையைக் கடிக்கிறான்.

"அவனுக்குப் பிரிவு கஷ்டமாக இல்லை" என்றாள் லிண்டா. "நீங்கள் போனால் அவன் ஊஞ்சலுக்குப் போவான். நீங்கள்தான் போகவே மாட்டேன் என்கிறீர்கள்."

இத்தனை மாதமாய் ரத்தபாசம் என்று நான் ஊரெல்லாம் அறிவித்தது இதைத்தான்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இவர் முகத்தைப் பார்த்ததும் இன்னும் சிரித்தேன். லிண்டாவும் சிரித்து, அறை அதிர்ந்தது. ஷீபா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, காரில் வாக்மேன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன்னைத் திரையில் சுட்டிக்காட்டி, "நான் பிறந்ததிலிருந்து இதைத்தான் சொல்கிறேன்" என்றாள், ஆங்கிலத்தில். அவள் எங்களோடு தமிழில் பேசுவதை எட்டாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டாள்.

5

ஆக, சிகிச்சை எங்களுக்கு ஆரம்பமானது. விதிகள் சுலபம். ஜெபத்தை, நாங்கள் வந்ததும் முதலிலேயே முடித்துவிட வேண்டும். கிளம்பும்போது ஒருமுறை கட்டிக்கொள்ள வேண்டும், 'பை ஜோயல்' ஒருமுறை, ஜோயல் படத்தை உரிப்பான், நாங்கள் போய்விட வேண்டும். மறந்த பொருள் மறந்ததாகவே இருக்கட்டும்.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். ஷீபாவை ஜோயலாக ஜன்னலில் நிறுத்திவிட்டு நானும் இவரும் கிளம்பிக் கிளம்பிப் பார்த்தோம். இவரால் முடியவில்லை. கதவுவரைக்கும் ஒழுங்காய்ப் போவார், அங்கே போனதும் கழுத்து தானாகத் திரும்பும்.

"என்ன இருந்தாலும் மூஞ்சில அடிச்ச மாதிரி எப்பிடிளா போறது? மனுசன் செய்யுத காரியமா இது?"

"இங்கன உள்ள மனுசரெல்லாம் அப்பிடித்தான போறாவ?"

"அவுகளுக்குப் போவத் தெரியும். நமக்கு வரத்தான தெரியும்."

அடுத்த ஞாயிறு நிஜமாகவே செய்தோம். கட்டிக்கொண்டோம், பை சொன்னோம், வெளியே வந்து கார்க் கதவைச் சாத்தினோம். இவர் சட்டைப்பையைத் தடவினார். மூக்குக்கண்ணாடி உள்ளே. கண்ணாடி இல்லாமல் இவருக்கு ரோடும் வயலும் ஒன்றுதான். "பைய போயி எடுத்துட்டு..." என்று காலை வெளியே வைத்தவரை இழுத்து உட்காரவைத்து, நான் வண்டியை எடுத்தேன். அந்த வாரம் முழுக்க இவர் பழைய கண்ணாடியில், ஒரு கையால் காதோரம் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போனார்.

அன்று பின்கண்ணாடியில் பார்த்தேன். ஜோயல் கையசைத்தான், திரும்பினான், ஊஞ்சலுக்குப் போனான். கத்தவில்லை, கடிக்கவில்லை. சந்தோசம்தான். ஆனால் அவன் அழவில்லையே என்று வழியெல்லாம் நான் அழுதேன். தாய் மனசு எதற்கும் திருப்திப்படாது போலிருக்கிறது. வாரங்கள் போகப்போக அதுவும் சரியாயிற்று. கிறிஸ்மஸுக்கு முந்தி லிண்டா கையெழுத்துப் போட்டாள். அதோடு பயணத்துக்கென்று ஒரு தனிப் பலகையும் செய்து தந்தாள். விமானம், இன்னொரு விமானம், ரயில், மாமா வீடு, ஆறு. ஆற்றுப் படத்தை நான்தான் வரைந்தேன். பார்த்தால் சேலைக் கரை மாதிரி இருக்கும். ஜோயலுக்குப் புரிந்தது.

6

கிளம்புவதற்கு முந்தியே ஜெயசிங்குக்குப் போனில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். "ஒரே தடவதான் போய்ட்டு வாரேன்னு சொல்லணும், சொன்னா போயிரணும், அவ்வளவுதானக்கா? நான் பாத்துக்கிடுதேன்" என்றான். திருநெல்வேலி ஜில்லாவுக்கு ஒரே தடவையில் விடைபெறச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிய முதல் ஆள் என் தம்பியாகத்தான் இருக்கும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நடந்ததா என்று கேட்காதீர்கள், பாதிப் பேர் அங்கேதான் இருந்தீர்கள். ஜோயல் கோயிலில் மாமாவுக்குப் பின்னால் முதல் வரிசையில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு வந்தபோது எழுந்து வெளியே போனான், பாட்டு முடிந்ததும் தானே வந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக உங்கள் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தினமும் காலையில் மாமாவோடு ஆற்றுக்குப் போய், உதடு நீலமாகிற வரைக்கும் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தான்.

விருந்து வீடுகளில்தான் எங்கள் பாடு திண்டாட்டம். ஜெயசிங் எழுந்து கார்ப் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவான். ஜோயல் வாங்கி டப்பாவில் போடுவான். உடனே நாங்கள் எல்லாரும் நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து வெளியேறுவது போல் அம்பாசடரில் ஏறிவிட வேண்டும். "ஏலே, இது என்னலே, படத்தக் காட்டிட்டு ஓடுதிய? காப்பி போட்டாச்சு!" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு குரல் எழும். முக்கூடலில் என் மதினி, அதாவது இவருடைய அக்காள், ஒரு பை நிறைய முறுக்கைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் ஓடிவந்தார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று ராத்திரியே தகவல் வந்துவிட்டது. "எங்க வாசல்ல ஒரு நிமிசம் நிக்க அமெரிக்காக்காரவளுக்கு நேரமில்லையாக்கும்" என்று மதினி சாப்பிடாமல் படுத்துவிட்டார்களாம்.

இதற்கிடையில் வேடிக்கை ஒன்று. எந்த வீட்டிலும் கடைசியாக வண்டியில் ஏறியது ஷீபாதான். மாமன் மகள், சித்தி மகள் என்று யாராவது ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்று, அரைகுறைத் தமிழில் பேசி மாளவில்லை அவளுக்கு.

திரும்பும் நாள். திருநெல்வேலி ஜங்ஷன், மெட்ராஸ் ரயில். நம் ஆட்கள் எல்லாரும் பிளாட்பாரத்தில். இங்கே என்ன ஆகப்போகிறதோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் ரயில் படத்தை ரயில் நகரும்போதுதான் உரிக்க வேண்டும் என்று ஜோயலுக்குச் சொல்லியிருந்தோம். ரயிலோ நின்றுகொண்டிருந்தது. நிற்கிற ரயில் யாரையும் ஏமாற்றுவதில்லை. அவன் ஜன்னலோரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். மதினியும் வந்திருந்தார்கள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அந்த முறுக்குப் பையை மட்டும் கம்பி வழியாக நீட்டினார்கள். ஜோயல் வாங்கி, அங்கேயே பிரித்து, ஒன்றைக் கடித்தான். "இந்தக் கூட்டத்துல இவன் ஒருத்தந்தான் மனுசன்" என்றார்கள் மதினி, எங்களைப் பார்த்து.

போதகராயிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா முன்னால் வந்தார். "ஒரு சின்ன ஜெபம்" என்று கம்பிக்குள் கையை விட்டு ஜோயல் தலையில் வைத்தார். சின்ன ஜெபம் உலகம் உண்டான ஆதியாகமத்தில் ஆரம்பித்தது. விசில் ஊதியது. பெரியப்பாவுக்கு இஸ்ரவேலரைக் கூட்டிக்கொண்டு எகிப்தைவிட்டு வெளியே வர மனசில்லை. ரயில் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். ரயில் வேகம் பிடித்தது. எண்பதை நெருங்கும் மனிதர், ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஜோயல் தலையிலிருந்து எடுக்காமல், ஆண்டவரிடம் சுருக்கமாகப் பேசியபடி ஓடுகிறார். பின்னால் அவரைப் பிடிக்க ஜெயசிங் ஓடுகிறான், அவனுக்குப் பின்னால் புதுப்பெண், முறுக்கு மதினி, எல்லாரும். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் பெரியப்பா, "ஆமென்!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டுக் கையை எடுத்தார்.

ஜோயல் சிரித்தான். பத்து வருசத்துக்கு முன்னால் பாலத்தில் சிரித்த அதே சிரிப்பு. கங்கைகொண்டான் ஸ்டேஷன் தாண்டியும் நிறுத்தவில்லை. எதிர் சீட்டுக்காரர்களும் காரணம் தெரியாமலேயே கூடச் சிரித்தார்கள். ரயில் படத்தை உரிக்கவே மறந்துபோனான்.

7

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அவனைப் பண்ணைக்குக் கொண்டுபோனோம். பனி முழங்கால் உயரம் கிடந்தது. உள்ளே போனதும் ஜெபத்தை முடித்தோம், பெட்டியைக் கொடுத்தோம், முறுக்கை லிண்டாவுக்குக் கொடுத்தோம். கட்டிக்கொண்டோம். "பை ஜோயல்." அவன் படத்தை உரித்தான். நாங்கள் ஒழுங்காக, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து காரில் ஏறினோம். இவர் வண்டியை நகர்த்தினார்.

கண்ணாடியில் தட்டும் சத்தம். பார்த்தால் ஜோயல். கோட்டில்லை, செருப்பில்லை, காலுறையோடு பனியில் நிற்கிறான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவனுக்குப் பின்னால் அவன் கோட்டைத் தூக்கிக்கொண்டு லிண்டா ஓடிவருகிறாள். நான் கண்ணாடியை இறக்கினேன். ஜோயல் கையை உள்ளே விட்டு என் தலையில் வைத்தான்.

"ஆமென்" என்றான்.

வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம் என்றிருக்கிற பிள்ளை. சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினான். நான் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பண்ணைக் கதவு மறுபடி திறந்தது. இந்தத் தடவை இவர் பக்கம். தலையில் கை. "ஆமென்." உள்ளே ஓடினான். மறுபடி வந்தான். ஷீபா தானே தலையை வெளியே நீட்டினாள். அதற்குப் பிறகு வந்தபோது அவன் கையில் என் தூக்குச்சட்டி. விதிப்படி நான் மறந்தது மறந்ததாக விட்டுவந்த தூக்குச்சட்டி! அதை என் மடியில் வைத்துவிட்டு, என் தலையில் இன்னொரு தடவையும் கை வைத்தான்.

லிண்டா மூச்சு வாங்க அவனுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். "இது என்ன? இதை நான் என்னவென்று எழுதுவது?"

"எங்கள் ஊரில் இதற்கு மரியாதை என்று பெயர்" என்றார் இவர்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது வழியனுப்புகிற வீட்டுக்காரரைப் பொறுத்தது" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. கிளம்பிப் போகிறவராக யாரும் இருந்துவிடலாம். வாசலில் நின்று அனுப்பிவைக்க அந்த இடம் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஒரு வருசமாய் நாங்கள் அவனை எங்கோ விட்டுவிட்டுப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு என் பிள்ளை அவன் வாசலிலிருந்து எங்களை வழியனுப்பினான்.

நேற்றுப் புதன்கிழமை ஒரு தட்டை உடைத்தானாம், லிண்டா போனில் சொன்னாள். உடைக்கட்டும். இதுவும் இருக்கும், அதுவும் இருக்கும்.

அன்றைக்குக் கடைசியில் இவர் வண்டியைப் பைய நகர்த்தினார். ஜோயல் கண்ணாடியில் கை வைத்தபடி கூடவே ஓடிவந்தான், பெரியப்பாவைப் போலவே. கேட் வந்ததும் நின்றான். அதைத் தாண்டக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை கையசைத்தான், திரும்பினான், நேரே ஊஞ்சலுக்குப் போய் அதிலிருந்த பனியைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டான். அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை. நாங்கள் மூன்று பேரும்தான், சோளக்காட்டுத் திருப்பம் வரைக்கும், கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனோம்.